சாத்திய வீட்டில் ஒரு விடியற்காலை

வேலூர்ப் பக்கம், பாறை மலை ஒன்றின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மலையடி ஹவுசிங் போர்டில், ஒரு சித்திரை மாதம் மூன்றாம் தேதி, காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஏகாம்பரம் தன் வீட்டு ஜன்னல்களை வழக்கம்போலச் சாத்தினார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் இருந்த காற்றுக்கு வயசு ஏறவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடத்தான் செய்தது, காலண்டரில் தாள் கிழிபடத்தான் செய்தது, வெளியே வெயில் பாறையைக் காய்ச்சி, பாறை வீடுகளைக் காய்ச்சி, வீடுகள் மனுஷரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டுதான் இருந்தன. மூன்றாம் மாடியில் அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும், நடுப்பகல் இரண்டு மணிக்குப் போனாலும், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்ளத் தோன்றும் அந்த ஈரக் குளிர்ச்சி அப்படியே நின்றது. அன்றைக்குத்தான் அவர் மனைவி ரேணுகாம்பாள் செத்துப்போனாள்.

ஏகாம்பரம் ரயில்வேயில் கேட் கீப்பராக முப்பத்தோரு வருஷம் இருந்தவர். வண்டி வருகிறது என்று போன் வந்தால் கேட்டைச் சாத்த வேண்டும், போய்விட்டது என்று தெரிந்தால் திறக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எந்த எம்.எல்.ஏ. வந்து ஹாரன் அடித்தாலும் காது கேட்கக் கூடாது. இந்த மூன்று பாடத்தை மட்டும் ஒழுங்காகப் படித்து, ஒரு நாளும் தப்பு பண்ணாமல் ரிட்டயர் ஆனவர். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு சாத்தவும் திறக்கவும் கை ஊறியது. பிள்ளை குட்டி கிடையாது, அதட்டி வளர்க்க. ஆக இருந்த நான்கு ஜன்னல்களையும் பிடித்துக்கொண்டார்.

அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கோடை பிறந்தால் காலையிலும் சாயங்காலமும் இரண்டு மணிக்கட்டையும் குழாயில் நனைத்துக்கொள்வார். ஒரு கையைக் கம்பி வழியாக வெளியே நீட்டுவார், மற்றதை உள்ளே வைத்திருப்பார். எந்தக் கை குளிர்கிறதோ அந்தப் பக்கத்துக் காற்று நல்ல காற்று. சாயங்காலம் வெளிக்கை குளிர ஆரம்பித்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, இரவெல்லாம் குளிர்ச்சியை உள்ளே வாங்கிக்கொள்வது. காலையில் இரண்டு கையும் சமமாகிற நிமிஷத்தில் நான்கையும் சாத்தி, திரையை இழுத்து, சாயங்காலம் வரை அந்தக் குளிர்ச்சியைச் செலவழிக்காமல் வைத்திருப்பது. ஒரு நிமிஷம் தாமதித்தாலும் வெயில் உள்ளே காலை வைத்துவிடும் என்பார். போர்டில் எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் பகலெல்லாம் ஜன்னலை ஆவென்று திறந்துபோட்டுவிட்டு, அனல் அடிக்கிறதே என்று விசிறிக்கொண்டிருந்தார்கள். ரேணுகாம்பாளும்தான் சிரித்தாள். அவர் கொண்டியைப் போடும்போதெல்லாம், "இன்னா, திருப்பதி பேசஞ்சரா?" என்று கேட்பாள். இவர் பதில் சொல்ல மாட்டார், ஆனால் அந்தக் கேள்வி இல்லாவிட்டால் கொண்டி சரியாக விழுந்த மாதிரி அவருக்கு இருக்காது.

அந்த மூன்றாம் தேதி அவள் கேட்கவில்லை. ராத்திரியெல்லாம் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று தைலத்தைத் தடவிக்கொண்டு, ஜன்னலோரக் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தாள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பேச்சு. இவர் மணிக்கட்டை நனைத்தார், நீட்டினார், இரண்டு கையும் சமமாக இருந்தது. கூடத்து ஜன்னலைச் சாத்தினார், அடுப்படி ஜன்னல்கள் இரண்டையும் சாத்தினார், கடைசியாகக் கட்டிலுக்கு மேலே இருந்ததைச் சாத்த வந்தார். கதவை இழுத்து, துருப்பிடித்த கொண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அவள், "காத்து..." என்றாள்.

"இரு, இத போட்டுட்டு வர்றேன்," என்றார் ஏகாம்பரம்.

கொண்டி விழுந்தது. திரும்பிப் பார்த்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஐஸ் பெட்டியை ஏற்ற முடியாது என்பதால், அவளைக் கீழே இறக்கி, ஷாமியானா போட்டு, அங்கேயே எல்லாச் சடங்கும் நடந்து, அங்கிருந்தே பாலாற்றங்கரைக்கு எடுத்துப்போனார்கள். மேலே வீடு பூட்டிக் கிடந்தது. மறுநாள் மத்தியானம், எதிர்வீட்டு ஷம்ஷாத் சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தவள் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"ஏசி வச்சிக்கிறீங்களாண்ணா?"

ஏகாம்பரம் இல்லை என்று தலையாட்டினார். அவருக்கு அது விசித்திரமாகவே படவில்லை, மனசு அந்த அளவுக்கு மரத்திருந்தது. ஷம்ஷாத் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். வெளியே வெள்ளை வெயில், உள்ளே எங்கோ காக்கை ஒன்று விடியற்காலைக் குரலில் கரைந்தது, பால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போனது, தைல வாசனை மெதுவாக வந்து நின்றது, அப்புறம் கட்டில் பக்கமிருந்து தெளிவாக, "காத்து..." என்று கேட்டது. ஷம்ஷாத் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கரண்ட் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி, "அக்கா இங்கதான் இருக்கறாங்க," என்றாள். பிறகு ரசம் ஆறிவிடும் என்று இலையைப் போட்டாள்.

ஷம்ஷாத்துக்குத் தெரிந்தது போர்டுக்குத் தெரிய அரை மணி நேரம் போதும். சாயங்காலத்துக்குள் மூன்று பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து, உட்கார்ந்து, கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு எழுந்திருக்க மனசில்லாமல் அங்கேயே இருந்தார்கள். ஏனென்றால் துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும் குளிர்ச்சி குளிர்ச்சிதானே. மறுநாள் வந்தவர்கள் காய்கறியும் அரிவாள்மணையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், அதற்கு மறுநாள் தலையணையோடு வந்தார்கள். நர்சிங் படிக்கிற பெண்கள் புத்தகத்தோடு வந்தார்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் காலை நீட்டிக்கொள்ள வந்தார்கள், நாள்கணக்காகப் பேசாதிருந்த ஒரு மாமியாரும் மருமகளும் தனித்தனியாக வந்து ஒரே பாயில் தூங்கிப்போனார்கள். சங்கச் செயலாளர் டில்லிபாபு, எதற்கும் ஒரு நோட்டீஸ் எழுதாவிட்டால் சோறு இறங்காத மனுஷர், கதவில் ஒன்று ஒட்டினார்: ஜன்னலைத் தொடக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, அக்கா பேசும்போது செல்போனை அணைக்க வேண்டும். கதவைத் திறந்து மூடுவதால் காற்று போய்விடாதா என்று ஒருத்தர் கேட்டதற்கு, கதவு உள்படிக்கட்டைப் பார்த்துத்தானே இருக்கிறது, ஒரு வழி மட்டும் திறந்தால் காற்று நகராது, வர ஒரு வழியும் போக ஒரு வழியும் வேண்டும் என்று ஏகாம்பரம்தான் விளக்கினார். முன்பு சிரித்த அதே வாய்கள் இப்போது, "ண்ணா, எங்க வூட்டு ஜன்னல எப்ப சாத்தணும்?" என்று அவரைக் கேட்டன. அவர் மணிக்கட்டை நனைக்கச் சொல்லிக் கொடுத்தார். பத்து நாளில் போர்டு முழுக்க விடிந்ததும் கம்பி வழியாகக் கைகள் நீண்டன.

அதிசயம் என்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதில் இருந்த தொந்தரவுகளைத்தான் பேசினார்கள். அந்த வீட்டில் எப்போதும் ஆறுக்குப் பத்து நிமிஷம் என்பதால், ஷம்ஷாத் கொண்டுவந்து வைத்த இட்லி மாவு மூன்று நாளாகியும் பொங்கவில்லை. "அக்கா, எனக்காவது கொஞ்சம் விடுங்க," என்று அவள் கட்டிலைப் பார்த்துக் கெஞ்சினாள். இரண்டாம் பிளாக் பூங்காவனம், கோயில் வாசலில் மல்லி விற்கிறவள், அவளுக்கு மட்டும் கொண்டாட்டம். பறித்த மொட்டைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தால் நாள் கணக்காக மொட்டாகவே இருக்கும், வாங்கிப்போகிறவர்கள் தலையில் போய்த்தான் மலரும். பூங்காவனத்துக்கு இழுப்பு உண்டு, மூன்று மாடி ஏறி வந்தால் கால் மணி நேரம் வாயைத் திறக்க முடியாது. மூச்சு வந்ததும் முதல் வேலையாக ரேணுகாம்பாளுக்கு ஒரு முழம் மல்லி கட்டில் காலில் சுற்றுவாள். அதுவும் மொட்டாகவே இருக்கும்.

ஆனால் எல்லாரும் விடாமல் பேசியது அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். பாதியில் நின்றுபோன வார்த்தை என்று ஏகாம்பரம் சொல்லியிருந்தார். மீதி என்ன என்று ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள்.

"காத்துக்கினு இருக்கேன்னு சொல்ல வந்திருக்காங்க. மேல போயி உங்களுக்காக காத்துக்கினு இருக்கறாங்க," என்றாள் ஷம்ஷாத், கண் கலங்க.

"அதில்ல. காத்து கருப்பு அண்டாம பாத்துக்கோன்னு இருக்கும். தனியா வுட்டுட்டுப் போறாளே, அந்தப் பயம்," என்றாள் பூங்காவனம்.

"ண்ணா, நான் சொல்றேன் கேளுங்க," என்றார் டில்லிபாபு. "காத்து வையுங்க. அவ்ளோதான். இந்த வூட்ட, இந்தக் குளிர்ச்சிய, பத்திரமா காத்து வையுங்க. அக்காவுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்குது."

ஏகாம்பரத்துக்கு டில்லிபாபு சொன்னதுதான் பிடித்திருந்தது. முப்பத்தோரு வருஷம் ஒன்றைக் காத்த மனுஷனிடம் பெண்டாட்டி வேறென்ன சொல்லிவிட்டுப் போவாள்? காத்து என்பதற்குத் தமிழில் இன்னும் சாதாரணமாக, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஓர் அர்த்தம் இருக்கிறது. அத்தனை பேர் கூடி உட்கார்ந்து அந்தக் காற்றைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் அது யார் வாயிலும் வரவில்லை. அவர் மனசுக்குள் அது இரண்டொரு தரம் எட்டிப் பார்த்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். கேட் மூடியிருக்கும்போது ஹாரன் அடிக்கிறவரைப் பார்க்காத மாதிரி, அவர் அதைப் பார்க்காமல் நின்றுகொண்டார்.

சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு வெளியே கொஞ்சம் தணியும். உடனே எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு, தங்கள் வீட்டு ஜன்னல்களைத் திறக்கப் போய்விடுவார்கள். போர்டு முழுக்கக் கொண்டிகள் விலகும், திரைகள் ஆடும், வீடுகளுக்குள்ளிருந்து குக்கர் சத்தமும் டிவி சத்தமும் பிள்ளைகளைத் திட்டுகிற சத்தமும் வெளியே வந்து ஒன்றோடொன்று கலக்கும். ஏகாம்பரத்தின் நான்கு ஜன்னல் மட்டும் சாத்தியபடி இருக்கும். அந்த நேரத்துக்காகத்தான் அவர் பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், அந்த நேரம் வந்ததும் அதைத் தாங்கவும் முடியாமல் தவித்தார். கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து காத்திருப்பார். காக்கை கரையும், பால் சைக்கிள் போகும், "காத்து..." என்று அவள் சொல்வாள். "காத்துக்கினுதான் இருக்கேன், ரேணுகா," என்பார். அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். நாற்பது வருஷம் வாய் ஓயாமல் பேசியவளிடம் இருந்து ஒரே ஒரு வார்த்தை மிச்சம், அதையே அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வார்த்தையும் தேய்ந்துகொண்டிருந்தது. முப்பதாம் நாள் வாக்கில் அவருக்கே சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அத்தனை பேர் உள்ளே இழுத்து வெளியே விட்டதில், அந்த விடியற்காலையில் தைல வாசனை போய், பவுடர் வாசனையும் வியர்வை வாசனையும் வெங்காய வாசனையும் ஏறிவிட்டன. குரல், கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் கூப்பிடுகிற மாதிரி ஒலித்தது. அவள் விட்ட கடைசி மூச்சு இந்த வீட்டுக்குள்தான் எங்கோ இருக்கிறது, அதை யாரோ ஒரு டில்லிபாபு குறட்டை விட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் அவருக்கு வயிறு எரிந்தது. தன் மூச்சையே அவர் சின்னதாக்கிக்கொண்டார். நாளைக்கு எல்லாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். காலையில் படிக்கட்டில் முதல் செருப்புச் சத்தம் கேட்டதும், அப்பாடா என்று எழுந்து போய்க் கதவைத் திறப்பார். இதில் வேடிக்கை, வந்தவர்களில் ஒருவர்கூட அவரைப் பார்க்க வரவில்லை. சாப்பிட்டாரா என்று ஷம்ஷாத் ஒருத்தி கேட்பாள். மற்றவர்களுக்கு அவர், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற ஆள்.

நாற்பத்தோராம் நாள், அக்னி நட்சத்திரத்தின் கடைசி நாட்களில், மத்தியானம் ஒரு மணிக்குப் போர்டில் கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது, ராத்திரிதான் வரும் என்றார்கள். வராதவர்களும் அன்றைக்கு வந்தார்கள். கூடத்தில் இடமில்லாமல் படுக்கையறையில், அங்கே இடமில்லாமல் அடுப்படியில், எண்ணினால் நாற்பது பேருக்குக் குறையாது. டில்லிபாபு கட்டிலிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். ஏகாம்பரம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் அடுப்படிக்குப் போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டார். கடைசியாகப் பூங்காவனம், தலையில் கூடையோடு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறி வந்து, கட்டிலுக்கு மேலே இருக்கும் ஜன்னலுக்குக் கீழே கிடைத்த இடுக்கில் சரிந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "காத்து..." என்று கேட்டது.

எல்லாரும் அடங்கினார்கள். செல்போன்கள் அணைந்தன. ஷம்ஷாத் கையேந்தினாள், நர்சிங் பெண்கள் புத்தகத்தை மூடினார்கள், டில்லிபாபு உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"காத்து..."

"இன்னிக்கி அக்கா இன்னா தெளிவா பேசறாங்க பாருங்க," என்று யாரோ கிசுகிசுத்தார்கள். இரண்டு மூன்று பேர் கைகூப்பினார்கள்.

அடுப்படியில் ஏகாம்பரம் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை நாள் தேய்ந்து தேய்ந்து போன குரல் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பலமாக வந்திருக்கிறதே, இன்றைக்கு மீதியையும் சொல்லிவிடப்போகிறாள் என்று அவர் ஆட்களைத் தாண்டி, கால்களை மிதித்து, படுக்கையறை வாசலுக்கு வந்தார். அங்கே எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவர் ஒருவர்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தார், அதனால் அவர் ஒருவர்தான் பூங்காவனத்தின் வாயைப் பார்த்தார்.

அவள் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. ஒரு கை கூடையைப் பிடித்திருக்க, இன்னொரு கை தலைக்கு மேலே, ஜன்னலைப் பார்த்து, ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு உயர்ந்திருந்தது. அவர் பார்க்கும்போதே அவள் இன்னொரு தரம், "காத்து," என்றாள். சொல்லிவிட்டு வாயை மூடவில்லை. மீதி சொல்வதற்காக அது திறந்திருக்கவில்லை. மீதி என்று ஒன்றும் அதில் இல்லை. அது முழு வார்த்தை.

ஏகாம்பரம் ஒரு கணம் அப்படியே நின்றார். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அந்தக் கணத்தில் அவர் பூங்காவனத்தை நினைக்கவில்லை, இதைத் திறந்தால் ரேணுகா போய்விடுவாள் என்றுதான் நினைத்தார். ஒரு கொண்டியைப் போட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நினைத்தார். அப்புறம் கட்டில்மேல் ஏறி, டில்லிபாபுவை முழங்காலால் தள்ளிவிட்டு, கொண்டியை அடித்துத் திறந்தார்.

"ண்ணா! இன்னா பண்றீங்க, ரெண்டு மணி வெயிலு!" டில்லிபாபு அலறினார். "சாத்துங்க, எல்லாம் பூடும்!"

"எதிர் ஜன்னல்!" ஏகாம்பரத்துக்குத் தொண்டை கிழிந்தது. "ஒண்ணு தொறந்தா காத்து வராது! அடுப்படிய தொறங்க! ஏய், யாராச்சும் தொறங்கடா!"

ஒருவரும் அசையவில்லை. அவரே மறுபடி எல்லாரையும் மிதித்துக்கொண்டு ஓடி, அடுப்படி ஜன்னல் இரண்டையும் திறந்தார், வந்து கூடத்து ஜன்னலைத் திறந்தார். அதுவரை நின்ற இடத்திலேயே நின்ற அந்த விடியற்காலை ஒரு தரம் அசைந்தது, பிறகு எழுந்தது, பிறகு பாய்கள், திரைகள், நர்சிங் புத்தகத்துப் பக்கங்கள் எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டு நான்கு ஜன்னல் வழியாகவும் வெளியே போயிற்று. போகும்போது காக்கை கரைந்தது, சைக்கிள் மணி அடித்தது. கடைசியில் ஏகாம்பரத்தின் காதை ஒட்டி, தைல வாசனையோடு, "காத்து," என்று ஒரு தரம், கெஞ்சுகிற குரலில் கேட்டது. அது கெஞ்சல் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

கீழே தெருவில் மத்தியானம் இரண்டே காலுக்கு விடிந்தது. நிழலில் செத்த மாதிரி கிடந்த நாய் எழுந்து உடம்பை முறுக்கிச் சோம்பல் முறித்தது. ஒரு சேவல் கூவியது. கரண்ட் இல்லாமல் வாசலில் சுருண்டிருந்த ஒருத்தி தூக்கத்தில் எழுந்து தண்ணீர் தெளித்து, பாதிக் கோலம் போட்ட பிறகுதான் நிமிர்ந்து சூரியனைப் பார்த்தாள். இஸ்திரி வண்டிக்காரர் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு, இதமாக இருக்கிறதே என்று நின்றார். பால் சைக்கிள் மணி ஆளில்லாமல் தெருமுனை வரை போய், பாலாற்றுப் பக்கம் திரும்பி, கேட்காமல் போனது. மேலே, கூடையிலிருந்த அத்தனை மொட்டுகளும் ஒரே சமயத்தில் மலர்ந்தன. கட்டில் காலில் நாற்பது நாளாகச் சுற்றியிருந்த சரங்கள் மலர்ந்து, வாடி, உதிர்ந்தன. ஷம்ஷாத்தின் மாவு பொங்கி வழிந்தது. பூங்காவனம் அனல் காற்றைப் பெரிதாக ஒரு வாய் இழுத்தாள், இன்னொரு வாய் இழுத்தாள், பிறகு அழ ஆரம்பித்தாள்.

அவளை நாற்காலியில் வைத்து இறக்கி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னதாகச் செய்தி வந்தது. அதற்குள் மேலே வீடு மற்ற வீடுகளைப் போலவே கொதித்தது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பாயையும் தலையணையையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு, வர்றேங்கண்ணா என்று சொல்லிக்கொண்டும் சொல்லாமலும் போனார்கள். டில்லிபாபு கடைசியாகப் போனார்.

"மனச வுடாதீங்கண்ணா," என்றார் வாசலில் நின்று. "விடியக்காலைன்னா தெனம் வருது. ராத்திரி பூரா தொறந்து போடுங்க, நாளைக்கு ஆறுக்குப் பத்து நிமிஷத்துல கரெக்டா சாத்துங்க. புதுசா ஒண்ணு புடிச்சிக்கலாம்."

மறுநாள் விடிகிற நேரத்தில் படிக்கட்டில் பதினைந்து இருபது பேர் பாயோடு காத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த வீட்டுக்குள் மலைப்பக்கத்துக் குளிர்ச்சி நன்றாகவே இறங்கியிருந்தது, பிடித்து வைக்கத் தோதான காற்று. ஏகாம்பரம் கட்டிலில், அவள் படுத்திருந்த பக்கமாக, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆறுக்குப் பத்து நிமிஷம் ஆனது. "ண்ணா, டைம் ஆயிடுச்சி," என்றார் டில்லிபாபு. ஆறானது. "ண்ணா, சூடு ஏறுது, சாத்துங்க." ஆறேகாலுக்கு வெயில் முதல் கம்பியைத் தொட்டது. இனிப் பிரயோசனமில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். வாய்விட்டு யாரும் திட்டவில்லை, ஆனால் படிக்கட்டில் பாய்கள் சுவரில் மோதிய சத்தம் கொஞ்சம் பலமாகவே இருந்தது.

ஷம்ஷாத் மட்டும் போகவில்லை. வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"வெயிலு நேரா உங்க மேலயே வுழுதேண்ணா. நான் சாத்தட்டுமா?"

"வேணாம்மா."

"ஏன்ணா?"

ஏகாம்பரம் திரும்பவில்லை. "அவ பாதியில வுட்டுட்டுப் போவல ஷம்ஷாத். முழுசாதான் சொன்னா. காத்து கேட்டா. நான் கொண்டி போட்டுக்கினு இருந்தேன். இருன்னு சொன்னேன்."

ஷம்ஷாத் சேலை முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "ஹார்ட்டுன்னுதானேண்ணா அன்னிக்கி வந்து பாத்த டாக்டரு சொன்னாரு," என்றாள் கடைசியில். "தொறந்திருந்தா மட்டும்..."

"அது டாக்டரு சொன்னது. இவ கேட்டது காத்து."

ஷம்ஷாத் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுப்பில் பால் வைத்தது நினைவு வந்து போய்விட்டாள். வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கி, தலையணையைத் தாண்டி, அவர் மடிக்கு வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கீழே மூன்று பிளாக்கிலும், அவர் சொல்லிக் கொடுத்தபடியே, ஜன்னல்களைச் சாத்திக் கொண்டி போடுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.